உறுப்பு மாற்று செய்துகொண்டவருக்கு ஸ்டெம் செல் மாற்று: பழைய சிறுநீரகம் என்ன ஆகும்?

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள திண்டுக்கல், தேனி, சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களிலும், சிறுநீரக மாற்று செய்துகொண்டு பல ஆண்டுகளாக வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்கவைத்து, இயல்பாக வாழ்ந்துவருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் மிகச் சிலருக்குப் பின்னாளில் ரத்தப் புற்றுநோயோ எலும்பு மஜ்ஜைச் செயலிழப்போ வந்துவிடுகிறது. இனி ஸ்டெம் செல் (ரத்தத்தை உருவாக்கும் மூல அணு) மாற்று ஒன்றுதான் வழி என்று மருத்துவர் சொல்லும்போது குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அப்ப அம்மா குடுத்த கிட்னி என்னாகும் டாக்டர்?"

அச்சத்தில் எழும் கேள்வி என்றாலும், இந்தச் சிகிச்சையின் நடுநரம்பை அது சரியாகத் தொடுகிறது. சிறுநீரகத்தை இத்தனை ஆண்டுகள் காப்பாற்றிவந்தது, நோயாளியின் நோய் எதிர்ப்பு அணுக்களை மாத்திரைகளால் அடக்கிவைத்த ஏற்பாடு. பிறரிடமிருந்து ஸ்டெம் செல் பெறும்போது அந்த எதிர்ப்பு அணுக்களே போய், வேறொருவருடைய அணுக்கள் அவற்றின் இடத்துக்கு வருகின்றன. புதிதாக வருபவை பழைய சிறுநீரகத்தைத் தம்முடையதாகப் பார்க்குமா, அந்நியமாகப் பார்க்குமா என்பது, அவை யாரிடமிருந்து வருகின்றன என்பதைப் பொறுத்தது. ஆகவே, உறுப்பு மாற்று நடந்த காலத்துப் பழைய ஃபைலில் இருக்கும் தகவல்கள், இன்று எடுக்கப்படும் ஸ்கேன்களுக்கும் ரத்தப் பரிசோதனைகளுக்கும் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையவை என்பது என் உறுதியான கருத்து.

உறுப்பு மாற்று செய்துகொண்டவருக்கு ரத்த நோய் வருவது எல்லா நேரமும் தற்செயல் அல்ல. உறுப்பைக் காப்பாற்ற எதிர்ப்பாற்றலை அடக்கும்போது, நம்மில் பெரும்பாலோர் உடலில் சிறுவயது முதலே உறங்கிக் கிடக்கும் எப்ஸ்டைன் பார் வைரஸ் விழித்துக்கொண்டு, பி வகை நிணநீர் அணுக்களைக் கட்டுப்பாடின்றிப் பெருகவைக்கக்கூடும். உறுப்பு மாற்றுக்குப் பிந்தைய நிணநீர் அணுப் பெருக்க நோய் என்று இதைச் சொல்கிறார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைக் குறைப்பதும், பி அணுக்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசியும், தேவைப்பட்டால் கீமோதெரபியும் இதற்கு முதல்நிலைச் சிகிச்சைகள். நோய் திரும்பினால்தான் ஸ்டெம் செல் மாற்று பற்றிய யோசனை வரும். எதிர்ப்பாற்றலை அடக்க முன்பு பரவலாகக் கொடுக்கப்பட்ட அசதயோபிரின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொண்டவர்களில் சிலருக்கு மஜ்ஜைத் திசுவின் மரபணுக்கள் பாதிக்கப்பட்டு ரத்தப் புற்றுநோய் வருவதும் அறியப்பட்டதே.

வேறு சிலருக்கு, உறுப்பைக் கெடுத்த நோயும் ரத்தத்தின் நோயும் ஒன்றாகவே இருக்கும். மைலோமா என்னும் பிளாஸ்மா அணுப் புற்றுநோய் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். அதன் உறவு நோயான அமிலாய்டோசிஸ் இதயத்தின் தசையில் புரதத்தைப் படியவைத்து இதயத்தையே செயலிழக்கச் செய்யும். அப்படிப்பட்டவருக்கு இதயத்தை மாற்றினால் மட்டும் போதாது. புரதத்தைச் சுரக்கும் மஜ்ஜை அணுக்களை அழிக்காவிட்டால் புது இதயத்திலும் அதே புரதம் படியும் என்பதால், தேர்ந்தெடுத்த சிலருக்கு இதய மாற்றைத் தொடர்ந்து ஸ்டெம் செல் மாற்றும் செய்கிறார்கள். இன்னொரு வகை பெரும்பாலும் குழந்தைகளையும் இளைஞர்களையும் தாக்குவது. எந்த வைரஸும் பிடிபடாத கடும் கல்லீரல் அழற்சியால் கல்லீரல் மாற்று செய்துகொண்ட சிலருக்கு, சில வாரங்களிலோ மாதங்களிலோ மஜ்ஜை வற்றிப்போய் ரத்த அணுக்கள் எல்லாமே குறைந்துவிடுகின்றன. மறுபிழைப்புப் பெற்று வீடு திரும்பிய பிள்ளைக்கு மீண்டும் இப்படி ஒன்று என்பதைப் பெற்றோர் ஏற்றுக்கொள்வது எளிதல்ல. ஆனால் இது சிகிச்சையில் நேர்ந்த தவறால் வருவதல்ல என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டெம் செல் மாற்று என்பது கத்தி வைத்துச் செய்யும் அறுவை சிகிச்சை அல்ல. முதலில் கடும் மருந்துகளாலோ கதிர்வீச்சாலோ பழைய மஜ்ஜை ஒடுக்கப்படும். பிறகு ரத்தம் ஏற்றுவது போலவே ஒரு பையிலிருந்து ரத்தக் குழாய் வழியாக ஸ்டெம் செல்கள் ஏற்றப்படும். வயலை உழுது பழைய பயிரை மடக்கிவிட்டுப் புது நாற்று நடுவதோடு இதை ஒப்பிடலாம். அந்த அணுக்கள் தாமாகவே எலும்பு மஜ்ஜையைத் தேடிச் சென்று, ஏறத்தாழ இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் ரத்தத்தை உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. நோயாளியின் சொந்த அணுக்களையே முன்கூட்டி எடுத்து உறையவைத்துத் திருப்பி ஏற்றுவது ஒரு வகை. பிறருடைய அணுக்களை ஏற்றுவது மற்றொரு வகை. உறுப்பு மாற்று செய்துகொண்டவருக்கு இந்த இரண்டும் முற்றிலும் வேறான சிக்கல்களைக் கொண்டுவருகின்றன.

சொந்த அணு மாற்றில் புதிய மனிதர் எவரும் உடலுக்குள் வருவதில்லை. எனவே சிறுநீரகத்தை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வி புதிதாக எழாது. மருந்துகளின் அளவும் நோய்த்தொற்றும்தான் கவலை. மைலோமாவுக்கு வழக்கமாக உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 200 மில்லிகிராம் மெல்ஃபலான் என்னும் கீமோ மருந்தைக் கொடுப்பார்கள். சிறுநீரகத்தின் திறன் குறைந்தவருக்கு அதை 140 ஆகக் குறைப்பது வழக்கம். உறுப்பைக் காக்கும் மாத்திரைகளில் மைக்கோஃபினோலேட், அசதயோபிரின் ஆகியவை மஜ்ஜையை மந்தமாக்கும் என்பதால் அணுக்களைச் சேகரிக்கும் காலத்தில் அவற்றை நிறுத்திவைத்து, டாக்ரோலிமஸையும் ஸ்டீராய்டையும் மட்டும் தொடர்வதுண்டு. இவ்வகையில் அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து ஒன்று இருக்கிறது. மைலோமாவுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் லெனலிடோமைட் மாத்திரை எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடக்கூடியது. பல ஆண்டுகள் அமைதியாக இருந்த மாற்று உறுப்பை அதற்குப் பின் உடல் நிராகரிக்கத் தொடங்கிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. மைலோமாவுக்கு மருந்து எழுதும் மருத்துவரிடம் வயிற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு மாற்றுச் சிறுநீரகம் இருப்பதை நோயாளி தானாக முன்வந்து சொல்லிவிடுவது நல்லது. பழைய தழும்பைப் பார்த்து அவராகவே தெரிந்துகொள்வார் என்று விட்டுவிடக்கூடாது.

பிறரிடமிருந்து பெறும் மாற்றில்தான் விஷயம் ஆழமாகிறது. இங்கே ஒரே உடலுக்குள் மூன்று மனிதர்களின் திசுக்கள் சேர்கின்றன: நோயாளி, உறுப்பைக் கொடுத்தவர், ஸ்டெம் செல் கொடுப்பவர். மாற்றுக்குப் பிறகு ரத்தம் யாருடையது என்று மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கும்போது ரத்தத்தில் ஸ்டெம் செல் கொடையாளியும், கன்னத்தின் உட்புறத் தோலில் நோயாளியும், சிறுநீரகத் திசுவில் உறுப்புக் கொடையாளியும் தெரிவார்கள். புதிய எதிர்ப்பு அணுக்களுக்கு முன்னால் இப்போது இரண்டு அந்நியர்கள். நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அவை தாக்குவதைப் பதியத்தின் (ஏற்றப்பட்ட அணுக்களின்) எதிர்வினை நோய் என்கிறோம். மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்கினால் அது உறுப்பு நிராகரிப்பு.

இரண்டு துறைகளும் வேரில் ஒன்றே. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1954இல் இரட்டையர்களிடையே வெற்றிகரமாகச் சிறுநீரக மாற்றைச் செய்த ஜோசப் மர்ரேவும், மஜ்ஜை மாற்றை உருவாக்கி வளர்த்தெடுத்த டொனால் தாமஸும் 1990இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவருடைய ரத்த மூல அணுக்களை ஏற்றுக்கொண்ட உடல், அவருடைய உறுப்பையும் எதிர்க்காமல் ஏற்கும் என்ற எண்ணம், பீட்டர் மெடாவரும் அவருடைய குழுவினரும் எலிக் கருக்களில் செய்து 1953இல் வெளியிட்ட ஆய்விலிருந்தே தொடர்கிறது. மனிதர்களில் இதைச் செய்துகாட்டியது பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. மைலோமாவால் சிறுநீரகம் செயலிழந்த ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரியின் மஜ்ஜையும் சிறுநீரகமும் 1998இல் ஒருங்கே தரப்பட்டன. பிறகு எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை இல்லாமலேயே சிறுநீரகம் இயங்கியது. ஆஸ்திரேலியாவில் கல்லீரல் மாற்று செய்துகொண்ட ஒரு சிறுமியின் ரத்த வகையே கொடையாளியின் வகையாக மாறி, மருந்தில்லாமல் அந்தக் கல்லீரலை உடல் ஏற்றுக்கொண்டதை 2008இல் மருத்துவ உலகம் வியந்து படித்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஷிம்கே நோய் என்ற அரிய பரம்பரைக் குறைபாடு உள்ள மூன்று குழந்தைகளுக்குப் பெற்றோரில் ஒருவரின் ஸ்டெம் செல்லை முதலிலும் அதே ஒருவரின் சிறுநீரகத்தைப் பின்னரும் மாற்றி, அடக்கும் மருந்துகளை நிறுத்த முடிந்ததாக 2022இல் அறிவித்தார்கள்.

நம்முடைய நோயாளிகளுக்கு வரிசை தலைகீழ். சிறுநீரகம் முதலில் வந்துவிட்டது. ஸ்டெம் செல் பின்னால் வருகிறது. இந்தியாவில் பெரும்பாலான சிறுநீரக மாற்றுகள் உயிரோடிருக்கும் உறவினர் கொடுப்பவை. அப்படிக் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். ஆகவே "அம்மா குடுத்த கிட்னி" என்பது நம் ஊர்களில் அடிக்கடி காணும் நிலை. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஹெச்எல்ஏ எனப்படும் திசு வகையில் பாதி பொருந்தும். பாதிப் பொருத்தமுள்ள ஸ்டெம் செல் மாற்று இன்று செய்யக்கூடியதே: அணுக்களை ஏற்றிய மூன்றாம், நான்காம் நாட்களில் சைக்ளோஃபாஸ்பமைடு கொடுத்து, நோயாளியின் உடலைத் தாக்கத் துடிக்கும் டி அணுக்களை ஒடுக்கும் முறை அதற்கு வழி திறந்தது. எனவே அம்மாவே ஸ்டெம் செல்லையும் கொடுத்தால், அவருடைய ரத்தத்திலிருந்து பிறக்கும் புதிய எதிர்ப்பு அணுக்களுக்கு அந்தச் சிறுநீரகம் சொந்த வீட்டுப் பொருள்தான்.

கேட்பதற்கு இதுவே முழு விடை போலத் தோன்றும். ஆனால் அதே சிறுநீரகமே அம்மாவின் ஸ்டெம் செல்லுக்குக் கதவை அடைத்துவிடவும் கூடும். இத்தனை ஆண்டுகள் அம்மாவின் திசுவோடு வாழ்ந்த நோயாளியின் உடல், தனக்குப் பொருந்தாத அந்தப் பாதிக்கு எதிராக எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கியிருக்கலாம். முன்பு ஏற்றிய ரத்தமும், பெண்களாயின் கருத்தரிப்புகளும் இவ்வகைப் புரதங்களைக் கூட்டும். கொடையாளிக்கு எதிரான புரதங்கள் ரத்தத்தில் வலுவாக இருந்தால் ஏற்றப்படும் ஸ்டெம் செல்கள் மஜ்ஜையில் ஊன்றுவதற்குள்ளேயே அழிக்கப்பட்டுவிடக்கூடும். மஜ்ஜை முழுதாக ஒடுக்கப்பட்ட ஒருவருக்கு ஸ்டெம் செல் ஊன்றாமல் போவது உயிராபத்து. இதனால்தான் கொடையாளியை முடிவு செய்யுமுன் இந்தப் புரதங்களின் அளவைப் பார்த்தாக வேண்டும். அளவு மிதமாக இருந்தால் பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றுவது), ரிட்டுக்ஸிமாப் ஆகியவற்றால் குறைத்துப் பார்க்கலாம். மிகையாக இருந்தால் வேறு கொடையாளியைத் தேடுவதே விவேகம். அம்மாவின் இன்றைய வயது, ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழும் அவருடைய உடல்நிலை ஆகியவையும் தனியே சீர்தூக்கிப் பார்க்க வேண்டியவை. ஏற்கெனவே ஒரு முறை கொடுத்தவர் இன்னொரு முறையும் கொடுத்தே ஆகவேண்டும் என்று வீட்டார் அவரை நெருக்குவது எவ்வகையிலும் நியாயமல்ல.

வேறு கொடையாளி என்றால் முதலில் பார்ப்பது உடன்பிறந்தவர்களை. ஒவ்வொரு உடன்பிறப்பும் முழுதாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. அக்காள் மகளையும் மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் தலைமுறைகளாக இருந்துவந்த நம் பகுதிக் குடும்பங்களில், உடன்பிறந்தவர் பொருந்தாதபோதும் சித்தப்பா, பெரியம்மா, அத்தை வழி உறவுகளில் முழுப் பொருத்தம் கிடைக்க மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். சொந்தத்துக்குள் மணம் முடிப்பதால் சில பரம்பரை நோய்கள் கூடுவது உண்மை. அதே குடும்ப மரபு கொடையாளி தேடலில் உதவக்கூடும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பரம்பரை நோய் கொடையாளியிடமும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்காமல் முடிவெடுக்கக்கூடாது. உறவில் எவரும் இல்லையென்றால், சென்னையில் 2009இல் தொடங்கப்பட்ட தாத்ரி போன்ற தன்னார்வக் கொடையாளர் பதிவேடுகளில் தேடலாம்.

சிறுநீரகக் கொடையாளி அல்லாத ஒருவரின் ஸ்டெம் செல் வந்தால், சிறுநீரகம் அதற்கு அந்நியமே. ஆனாலும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், மைக்கோஃபினோலேட் ஆகிய மருந்துகள் உறுப்பையும் காக்கும், பதியத்தின் எதிர்வினையையும் தடுக்கும். ஆகவே தொடக்க மாதங்களில் ஒரே மாத்திரை இரண்டு வேலை செய்கிறது. பிற்பாடுதான் இரண்டு நோக்கங்களும் பிரிகின்றன. ரத்தப் புற்றுநோய் உள்ளவருக்கு மருந்தைச் சீக்கிரம் குறைக்கவே மருத்துவர் விரும்புவார், ஏனெனில் எஞ்சிய புற்றணுக்களைத் தேடி அழிப்பது புதிய எதிர்ப்பு அணுக்கள்தான். சிறுநீரகத்துக்கோ மருந்து தொடர வேண்டும். இவற்றுக்கிடையே தேர்வு செய்யும் நிலை வந்தால் எந்த உறுப்பு என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. சிறுநீரகம் கைவிட்டாலும் டயாலிசிஸ் இருக்கிறது. கல்லீரல், இதயம், நுரையீரல் கைவிட்டால் அப்படி நெடுநாள் தாங்கிப்பிடிக்க எளிய வழி இல்லை. இவ்வகைச் சிகிச்சை பற்றி உலகில் சேர்ந்துள்ள அனுபவம் சிறியது. பிறரிடமிருந்து பெறும் மாற்றில் விளைவுகள், உறுப்பு மாற்று செய்யாதவர்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவாகவே இருக்கின்றன. இதைக் குடும்பத்திடம் மறைக்காமல் சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

மருந்துகளின் ஒன்றோடொன்றான மோதலே அன்றாடத் தொல்லை. டாக்ரோலிமஸைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் உட்கொள்பவர், ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் ஆய்வகத்துக்குப் போய், ஊசி குத்தி ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும்; போட்டுவிட்டுப் போனால் அளவு பொய்யாகக் கூடிக்காட்டும். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் வோரிகோனசோல், போசகோனசோல் ஆகியவை கல்லீரலில் டாக்ரோலிமஸ் சிதைவதைத் தடுப்பதால் அதன் அளவு ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; அவற்றைத் தொடங்கும்போதே டாக்ரோலிமஸை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பார்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதற்கு நேர் எதிர்: டாக்ரோலிமஸின் அளவைச் சரித்து உறுப்பை நிராகரிப்புக்குத் தள்ளிவிடும். பம்பளிமாஸ் பழமும் அளவை ஏற்றக்கூடியது என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பெயர் தெரியாத சூரணமும் லேகியமும் இந்தக் காலத்தில் கூடவே கூடாது என்பதை நான் அழுத்தியே சொல்வேன்.

கல்லீரல் மாற்று செய்தவருக்குக் கண் மஞ்சளானால் காரணம் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. நிராகரிப்பாக இருக்கலாம், பதியத்தின் எதிர்வினையாக இருக்கலாம், மருந்தின் நச்சாக இருக்கலாம், கல்லீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்டிருக்கலாம், வைரஸாகவும் இருக்கலாம். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றை மோசமாக்கும். திசுவை எடுத்துப் பார்க்கலாம் என்றால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் விலாவில் ஊசி குத்த முடியாது. கழுத்திலுள்ள ரத்தக் குழாய் வழியாக நுழைந்து எடுக்க வேண்டும்.

தொற்றைப் பொறுத்தவரை இந்த நோயாளிகள் இரட்டைப் பலவீனத்தோடு வருகிறார்கள்: பல ஆண்டுகள் மாத்திரையால் அடங்கிய எதிர்ப்பாற்றல், அதன் மேல் இப்போது வெள்ளணுக்களே இல்லாத சில வாரங்கள். சைட்டோமெகலோ வைரஸையும், மாற்றுச் சிறுநீரகத்தைத் தனியே குறிவைக்கும் பிகே வைரஸையும் தொடர்ந்து ரத்தத்தில் அளந்து பார்க்கிறார்கள். நம் மண்ணுக்கே உரிய ஆபத்துகளும் உண்டு. பழைய காசநோய்த் தடம், வெறுங்காலோடு வயலில் நடந்தவர் குடலில் ஆண்டுக்கணக்கில் தங்கி, எதிர்ப்பாற்றல் விழும்போது உடலெங்கும் பரவும் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழு, கட்டட இடிபாட்டுத் தூசியிலும் வைக்கோலிலும் இருக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஆகியவற்றை முன்கூட்டியே தேட வேண்டும். மேலூர்ப் பக்கத்துக் கல் குவாரியில் வேலை செய்தாரா, மாட்டுத் தொழுவம் வீட்டை ஒட்டி இருக்கிறதா என்று மருத்துவர் கேட்பது இதற்காகத்தான்.

மீனாட்சி அம்மன் கோவிலில் அர்ச்சனை செய்து ஒரு முழம் மல்லிகையும் குங்குமமும் கொண்டுவரும் பெரியம்மாவை வார்டு வாசலிலேயே செவிலியர் நிறுத்துவதைப் பார்த்து மனம் வருந்துவோர் உண்டு. ஈரம் காயாத பூச்சரத்திலும், அதைச் சுற்றிய வாழைநாரிலும், தெளித்த தண்ணீரிலும் பூஞ்சையும் கிருமியும் வாழ்கின்றன. வெள்ளணு இல்லாத ஒருவரின் நுரையீரலுக்கு அவ்வளவே போதும். பூவை வீட்டுச் சாமி படத்துக்குச் சாத்திவிட்டு வெறுங்கையோடு வருவதே அந்தப் பிள்ளைக்குச் செய்யும் நன்மை. தெருவோர ஜிகர்தண்டாவும் வெட்டிவைத்த பழமும், சித்திரைத் திருவிழாக் கூட்டமும் வீடு திரும்பிய பிறகும் பல மாதங்களுக்கு விலக்கு.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் நடந்தது. அங்கே மஜ்ஜை மாற்று 1986இல் தொடங்கியது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் சிறுநீரக மாற்று நடைபெறுகிறது. ஆனால் இரண்டு மாற்றும் ஒரே உடலில் சேரும் இத்தகைய அரிய நிலைக்கு, ரத்த நோய் மருத்துவரும் உறுப்பு மாற்று மருத்துவரும் ஒரே வளாகத்தில் அமர்ந்து நாள்தோறும் பேசிக்கொள்ளும் இடமே தேவை. அதற்காகச் சென்னைக்கோ வேலூருக்கோ போக வேண்டியிருந்தால் தயங்கக்கூடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மஜ்ஜை மாற்றுக்கும் உதவி உண்டு. ஆனால் வார்டை விட்டு வந்தபின் ஊர் திரும்பாமல் மருத்துவமனைக்கு அருகிலேயே ஏறத்தாழ மூன்று மாதங்கள் தங்க வேண்டிய வாடகையும், உடனிருப்பவர் இழக்கும் கூலியும் குடும்பத்தின் தலையில்தான் விழும். அதை முதல் நாளே கணக்கில் வைத்துப் பேச வேண்டும்.

அப்படிக் கிளம்பும்போது கையில் இருக்க வேண்டியவை: உறுப்பு மாற்று நடந்தபோது எழுதிக்கொடுத்த டிஸ்சார்ஜ் சுருக்கம், நோயாளியுடையதும் கொடையாளியுடையதுமான ஹெச்எல்ஏ ரிப்போர்ட், நிராகரிப்பு ஏதேனும் வந்திருந்தால் அதன் திசுப் பரிசோதனை முடிவு, இதுவரை ஏற்றிய ரத்தத்தின் விவரம், கடைசியாகப் பார்த்த டாக்ரோலிமஸ் அளவு, சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியாட்டினின் கடந்த சில ஆண்டுகளில் ஏறி இறங்கிய கணக்கு. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு பெற்றவருக்குக் கொடையாளி யாரென்று தெரியாது. ஆயினும் அவருடைய திசு வகை, மாற்று செய்த மருத்துவமனையின் பதிவில் இருக்கும். மருத்துவரின் கடிதத்தோடு கேட்டால் அதைப் பெற வழியுண்டு. அந்தத் தாள் கிடைத்தால்தான், புதிதாக வரும் ஸ்டெம் செல் கொடையாளிக்கும் பழைய உறுப்புக்கும் எவ்வளவு பொருத்தம் என்று ஒப்பிட்டு, பல பேர் பொருந்தும்போது அவர்களில் யாரைத் தேர்வது என்று முடிவெடுக்க முடியும்.